சித்தப்பா ஏழு முறை சாகிறார்

எங்கள் விளையாட்டில் சித்தப்பா ஏழு முறை சாகிறார். இரண்டு முறை சுடப்பட்டு, ஒரு முறை விஷம் வைத்து, ஒரு முறை படகு கவிழ்ந்து, மூன்று முறை சொந்த அண்ணன் கையால். மற்ற நேரங்களில் நன்றாகத்தான் இருக்கிறார், டீ குடிக்கிறார், செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுகிறார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று எட்டு மாதம் நானும் தொண்டை வற்றக் கேட்டுவிட்டேன்.

நானும் என் தங்கையும் ஐந்து வருடம் உட்கார்ந்து செய்தது ஒரு காட்சி நாவல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணினித் திரையில் படம் வரும். படத்துக்குக் கீழே ஆட்கள் பேசுவது எழுத்தில் வரும். தட்டித் தட்டிப் படித்துக்கொண்டே போகலாம். நடுநடுவே இரண்டு பொத்தான்கள் வரும், 'சித்தப்பாவைக் காட்டிக்கொடு', 'வாயை மூடிக்கொண்டிரு' என்பது போல. எதை அமுக்குகிறோமோ கதை அந்தப் பக்கம் திரும்பும். ஒன்றில் செத்தவர் இன்னொன்றில் சாகவே இல்லை. அவ்வளவுதான் சங்கதி. நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். கன்னம் வீங்கி வந்து காத்திருப்பவர்களுக்குக்கூட இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்திருக்கிறேன்.

கதை ஒரு குற்றக் குடும்பத்தைப் பற்றியது. துறைமுகத்தில் கடத்தல் செய்யும் அப்பா, ஊரில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. இரண்டு மகன்கள், பெரியவரின் தம்பியான அந்தச் சித்தப்பா, கடைசியாக மகள், சின்னவள். விளையாடுகிறவர்தான் சின்னவள். மொத்தம் ஒன்பது முடிவுகள். எட்டு முடிவுகளில் அவள் எப்படிப் புரண்டாலும் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கிடக்கிறாள். தலைவியாகிறாள், ஜெயிலுக்குப் போகிறாள், அப்பாவுக்குப் பதிலாகக் குண்டடி படுகிறாள். ஒன்பதாவதில் மட்டும், மதியச் சாப்பாட்டு மேஜையில் பெரியவர் "உட்காரு" என்று சொல்லும்போது, 'எழுந்து போ' என்று ஒரு பொத்தான் வரும். அமுக்கினால் போய்விடுவாள். துப்பாக்கி கிடையாது, வசனம் கிடையாது. கதவு, தெரு, பஸ் நிறுத்தம், அவ்வளவுதான்.

அந்த ஒரு பொத்தானுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் வீட்டில் யாரும் எதையும் கடத்தவில்லை. அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் என்ன படிப்பது, எங்கே வேலைக்குப் போவது, யாரோடு பேசக் கூடாது என்பதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அவர் வாயால்தான் முடிவாகும். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. எழுந்திருக்க வேண்டிய வயதில் எழுந்திருக்கவில்லையே என்ற எரிச்சல் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.

விளையாட்டுகள் விற்கும் இணையக் கடை எங்களுக்கு ஒரு வெளியீட்டுத் தேதி கொடுத்தது. அதற்குள் நிறைகுறை வாரியத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும். தேதி தவறினால் வரிசையின் வால் பக்கம் போய் நிற்க வேண்டும், இரண்டு வருடம் ஆகும்.

நிறைகுறை வாரியம் நாவல்களுக்காக ஏற்பட்டது. ஒவ்வொரு நூலிலும் பத்து நிறையும் பத்துக் குறையும் கண்டுபிடித்துச் சான்று கொடுப்பது அதன் வேலை. ஒன்பதும் கூடாது, பதினொன்றும் கூடாது. நிறை கூடினால் வேண்டியவர்களுக்குச் சலுகை என்பார்கள், குறை கூடினால் வஞ்சம் என்பார்கள், சமமாக இருந்தால் யாரும் எதுவும் பேச முடியாது. விளையாட்டுகள் வந்தபோது சட்டத்தில் 'நாவல்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'மற்றும் அவை போன்றவை' என்று சேர்த்தார்கள். வேறெதையும் தொடவில்லை. ஆகவே விளையாட்டையும் தாளில் அச்சடித்து, முதலிலிருந்து கடைசிவரை தொடர் எண் போட்டு, ஒரே கட்டாகக் கட்டி ஏழு பிரதிகள் கொடுக்க வேண்டும்.

வாரியத்தின் தபால் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்த ஒரு மேஜை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கே ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரை நான் தபால் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"பொத்தானை எப்படி அச்சடிக்கிறது?" என்று கேட்டேன்.

"சதுரமா ஒரு கட்டம் போட்டு உள்ள எழுதிக் குடுங்கம்மா. போன வருஷம் ஒருத்தர் வட்டமா போட்டாரு. திருப்பி அனுப்பிட்டாங்க."

"எதை அமுக்கினா எந்தப் பக்கத்துக்குப் போகணும்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ எழுதியிருக்கேன். அது போதுமில்ல?"

அக்கா கட்டைப் பிரித்துப் பார்த்தார். 'காட்டிக்கொடுத்தால் பக்கம் 212-க்குச் செல்லவும், இல்லையென்றால் பக்கம் 340-க்குச் செல்லவும்' என்று இருந்தது. தலையை ஆட்டினார்.

"உறுப்பினர்களைப் போ, வான்னெல்லாம் எழுதக் கூடாதும்மா. அவங்களுக்கு யாரும் உத்தரவு போட முடியாது. விதி இருக்கு. அதையெல்லாம் வெள்ளை மை வச்சு அழிச்சிட்டுக் கொண்டு வாங்க."

எல்லாக் கிளைகளும் சேர்த்து 1,364 பக்கம், அதில் ஏழு பிரதி. நானும் தங்கையும் இரண்டு வார விடுமுறை நாட்களை வெள்ளை மையில் கழித்தோம். படம் வரைந்து வரைந்து தங்கையின் வலது மணிக்கட்டு ஏற்கெனவே கெட்டுப்போய், பட்டை கட்டியிருந்தாள். இடது கையால் அழித்தாள். புத்தகம் கட்டுபவர் அந்தக் கனத்துக்கு ஊசி ஏறாது என்று சொல்லி, கதவுக்குத் துளை போடும் இயந்திரத்தைப் பக்கத்துத் தச்சரிடம் இரவல் வாங்கினார்.

கூடவே ஒரு பென் டிரைவில் உண்மையான விளையாட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"இதை யார் விளையாடிப் பார்ப்பாங்க அக்கா?"

"யாரும் பார்க்க மாட்டாங்க. திறக்குதா, திறக்கலையான்னு நான் பார்த்து டிக் போடணும். அப்புறம் டப்பாவுல போட்டுடுவேன்."

மூன்று மாதம் கழித்து கடிதம் வந்தது. பத்து நிறைகள் கண்டுபிடித்திருந்தார்கள். தாள் தடிமனாக உள்ளது. எழுத்து கண்ணை உறுத்தவில்லை. நிறை எண் மூன்று, பக்க எண்கள் விடுபடாமல் வரிசையாக உள்ளன. நிறை எண் ஏழு, பிள்ளைகள் தகப்பனாருக்கு முன் குரலை உயர்த்துவதில்லை. நிறை எண் பத்து, நூல் மேஜையில் வைத்தால் ஆடாமல் நிற்கிறது. தங்கை வரைந்த ஆயிரத்து நூறு படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் விதிப்படி படங்களை அச்சடிக்கக் கூடாது.

குறைகள் பன்னிரண்டு. முதலாவது இப்படி இருந்தது. '212-ஆம் பக்கத்தில் சுடப்பட்டு இறந்த சிறிய தகப்பனார் 340-ஆம் பக்கத்தில் டீ குடிக்கிறார். 377-ஆம் பக்கத்தில் மீண்டும் இறக்கிறார். இதற்கு ஆசிரியர் எந்த வருத்தமும் தெரிவிக்கவில்லை.' சின்னவளுக்கு மூன்று திருமணங்கள் நடந்தும் ஒரு விவாகரத்துகூடக் காட்டப்படவில்லை என்பது நாலாவது. 801-ஆம் பக்கத்தில் எரிந்து சாம்பலான வீட்டுக்கு 802-ஆம் பக்கத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்பது எட்டாவது. மொத்தக் கொலைகள் 143, ஒரே குடும்பத்துக்கு இது சற்று அதிகம் என்பது ஒன்பதாவது. பன்னிரண்டாவது குறையை இரண்டு முறை படித்தேன். '409-ஆம் பக்கத்தில் வீட்டை விட்டு எழுந்து போன மகள் 410-ஆம் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.'

கதையை முன்னிருந்து பின்னாகப் புரட்டிப் படித்திருக்கிறார்கள். ஒன்பது வாழ்க்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஒரே பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பத்துக் குறைகள் இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். மிகுதி இரண்டை நான் நீக்கித் தர வேண்டும். எந்த இரண்டு என்பதை வாரியமே முடிவு செய்திருந்தது, முதலாவதும் பன்னிரண்டாவதும்.

மறுநாள் விடுப்புப் போட்டு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்ச் செயலரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுக்காரர், வாரியத் தலைவருடைய மாப்பிள்ளை. எது கேட்டாலும் கோபமே படாமல் பதில் சொல்வார். அதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது.

"சார், ஒரே ஒரு நிமிஷம். இந்தப் பொத்தானை அமுக்கினா சித்தப்பா சாவார். இதை அமுக்கினா பிழைச்சுக்குவார். நீங்களே அமுக்கிப் பாருங்க."

செயலர் மடிக்கணினிப் பக்கமே திரும்பவில்லை. சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா ஏழு உறுப்பினர் இதுல பார்த்தா ஏழு பேரும் ஏழு கதை பார்ப்பாங்க. ஒருத்தர் சித்தப்பா செத்துட்டார்ம்பாரு, ஒருத்தர் இருக்கார்ம்பாரு. அப்புறம் ஒருமித்த கருத்து எப்படி வரும்? தாள்னா ஒரே கதை. அதான் தாள்."

"ஆனா அது ஒரே கதை இல்லையே சார்."

"அதைத்தான் குறைன்னு எழுதியிருக்கோம்."

நான் மூடிவிட்டேன், மடிக்கணினியையும் வாயையும். முதல் குறையை எப்படி நீக்குவது என்று கேட்டேன். 340-ஆம் பக்கத்தில் சித்தப்பா உயிரோடு இருப்பதாக ஆசிரியர் வாயால் சொன்னால் போதாது, உயிர்ச் சான்றிதழ் வேண்டும் என்றார்.

"சார், அவர் கதாபாத்திரம்."

"அவருக்கு யார் பொறுப்பு?"

"நான்தான்."

"அப்ப மனு நீங்க குடுக்கலாம். ஆளைப் பார்த்தேன்னு பதிவு பெற்ற மருத்துவர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். படம் ஒட்டணும்."

எங்கள் பல் டாக்டர் நல்ல மனிதர். தங்கை வரைந்த சித்தப்பா படத்தை ஒரு படிவத்தில் ஒட்டி எடுத்துப் போனேன். அதில் அவர் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் உற்றுப் பார்த்து, 'இவரை நான் பார்த்தேன், உயிருடன் உள்ளார், கீழ்வரிசையில் ஒரு பல் சொத்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாரியம் ஏற்றுக்கொண்டது. அந்தச் சான்று ஒரு வருடத்துக்குச் செல்லும். கதைக்குள் நடப்பதெல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிடுவதால் ஏழு சாவையும் அது தாங்கும் என்று செயலர் விளக்கினார். சொத்தைப் பல்லை நிறையில் சேர்ப்பதா, குறையில் சேர்ப்பதா என்று மட்டும் ஒரு வாரம் கோப்பு அலைந்தது.

பன்னிரண்டாவது குறைக்கு நேர்முக விசாரணை வைத்தார்கள். வெளியீட்டுத் தேதிக்கு அப்போது இருபத்தாறு நாள் இருந்தது. பத்து மணிக்கு வரச் சொல்லி, ஒரு மணிவரை கூப்பிடவில்லை. சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் தபால் அக்கா கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சின்ன அண்ணன் எதுக்கும்மா சும்மா சும்மா கத்தறான்?"

"எந்த அண்ணன்?"

"உன் விளையாட்டுல வர்றவன்தான். திறக்குதான்னு பார்க்கத் திறந்தேன். அப்புறம் மூட மனசு வரல. டெய்லி சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா விளையாடி, எட்டு முடிவு பார்த்துட்டேன். பெரிய அண்ணனுக்கு ஒரு பயம் இருக்கு, அது தெரியுது. சின்னவனுக்கு ஒண்ணுமே இல்ல. கோபம் மட்டும்தான் இருக்கு. அவன் வந்தாலே நான் தட்டித் தட்டித் தள்ளிடறேன்."

உண்மை. அவனை எழுதும்போது எனக்கே அலுப்பாக இருந்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று விட்டிருந்தேன்.

"அப்புறம் மூணாவது பகுதியில ஏமாத்தறேம்மா நீ. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் எல்லாரும் அந்தப் படகுக்குத்தான் போறாங்க. அப்ப எதுக்கு என்னைக் கேக்கறே?"

"படம் வரைய ஆள் ஒருத்திதான் அக்கா. ரெண்டு இடத்தை வரைய முடியல."

"சரி, அது உங்க கஷ்டம். ஆனா அந்தப் பெரியவர் இருக்காரே..." அக்கா ரொட்டியைக் கீழே வைத்தார். "காலையில ஒருத்தனைக் கொல்லச் சொல்லிட்டு வந்து, மத்தியானம் மகளுக்கு மீன்ல முள்ளு எடுத்து வைக்கிறாரு பாரு. ஒவ்வொரு முள்ளா. அங்க நான் அழுதுட்டேன். அவரை வெறுக்க முடிஞ்சா எழுந்து போயிடலாம். வெறுக்கவே விட மாட்டேங்கறே. அது ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

ஐந்து வருடத்தில் எங்கள் விளையாட்டைப் பற்றி இன்னொருவர் வாயிலிருந்து வந்த முதல் நிறை அது. சின்ன அண்ணனைத் திருத்திவிடுகிறேன் என்று சொன்னேன், சொல்லும்போதே நினைவு வந்தது. அவனைத் தொட முடியாது. 'இளைய மகன் அதிகம் கத்துகிறான்' என்பது குறை எண் ஆறு. அதைச் சரிசெய்தால் குறை ஒன்பதாகிவிடும்.

"எட்டு முடிவுதான் பார்த்தீங்களா? ஒன்பதாவது?"

"அந்தப் பொத்தான் வருது. கையைக் கொண்டு போறேன். அமுக்க முடியல." அக்கா டிபன் பெட்டியை மூட ஆரம்பித்தார். "தலைவர் எனக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்மா. ஆறு மாசம் இங்க உட்காருன்னாரு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு எனக்கு, அப்பவே. அது போகட்டும். உன்னை மேல கூப்பிடறாங்க பாரு."

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் தலைவர். வலப்பக்கம் துணைத் தலைவர், தலைவருடைய மச்சான், எங்கள் நூலை முழங்கைக்கு முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். இடப்பக்கம் செயலர். அவருக்கு அடுத்து குற்றவியல் நிபுணர் என்று பலகை வைத்த ஒரு பெரிய மீசை. மற்ற மூன்று உறுப்பினர்கள் வரவில்லை, ஆனால் ஒப்புதல் கையெழுத்துகளை முன்கூட்டியே போட்டு அனுப்பியிருந்தார்கள்.

நிபுணர்தான் ஆரம்பித்தார். "நான் முப்பது வருஷம் ஜெயில்ல இருந்தவன்."

"அதிகாரியா," என்று செயலர் சேர்த்தார்.

"எத்தனையோ குற்றக் குடும்பத்தைப் பார்த்திருக்கேன். உங்க குடும்பம் நம்பற மாதிரி இல்லம்மா. ஒருத்தன் பெரியவர்கிட்ட மனு குடுக்க வர்றான். உள்ள கூப்பிடறாங்க. உட்கார வச்சுக் கேக்கறாங்க. அன்னைக்கே காரியத்தை முடிச்சு அனுப்பறாங்க! ஒரு அமைப்பு அப்படி நடக்குமா? ரெண்டாவது, யாராவது தப்புப் பண்ணினா பெரியவர் அவனைக் கூப்பிட்டு நேருக்கு நேர் சொல்றாரு. எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவனுக்குத் தெரிஞ்சுடுமே. மூணாவது, தலைவர் செத்தா அடுத்தவர் யாருன்னு அடிதடி வருது. ஒழுங்கா நடக்கற இடத்துல அந்தப் பேச்சே வராது. மாப்பிள்ளை எங்க உட்கார்ந்திருக்கார்னு பார்த்தா எல்லாருக்கும் புரிஞ்சுடும்."

செயலர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய மனிதர், பரிவான குரல்.

"பாருங்கம்மா, நாங்க இந்த வாரியத்தை ஒரு குடும்பம் மாதிரி நடத்தறோம். உங்க கதையில குடும்பப் பாசம் நல்லா வந்திருக்கு. நான் ரசிச்சேன். கொலையெல்லாம் இருக்கட்டும், அது கதைக்கு வேணும். இந்த 409-தான் இடிக்குது. அந்தப் பொண்ணு எழுந்து போயிடறா. அடுத்த பக்கம் உட்கார்ந்திருக்கா. வாசகனுக்கு என்ன தோணும்?"

"ஐயா, போனவ வேற. உட்கார்ந்தவ வேற. இது அவளோட இன்னொரு..."

"ஒரே பேர்தானே?"

"ஒரே பேர்தான்."

"ஒரே நாற்காலிதானே?"

நான் ஆமாம் என்றேன். துணைத் தலைவர் கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினார்.

"அப்ப 409-ஐக் கடைசிப் பக்கமா கொண்டு போயிடறேன் ஐயா. எல்லாம் முடிஞ்ச பிறகு எழுந்து போகட்டும். முரண்பாடே இருக்காது."

செயலர் கோப்பைப் புரட்டினார். "பக்க எண் வரிசை நிறை எண் மூணு மேடம். பக்கத்தை நகர்த்தினா நிறை ஒன்பதாயிடும்."

"அப்ப 410-ஐ எடுத்துடுங்க. அவ போனது போனதாவே இருக்கட்டும்."

"அதுக்கப்புறம் 954 பக்கம் இருக்கே," என்றார் தலைவர், சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போலில்லை, நிஜமான கவலையோடு. "அவ போயிட்டா அந்தக் குடும்பம் அத்தனை பக்கத்துக்கு என்ன பண்ணும்? யார் சாப்பிடுவா? நீங்க அவங்களை நினைச்சே பார்க்கலையா?"

நான் அழுதுவிடக் கூடாது என்று மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் குரலைத் தணித்தார்.

"நான் அனுபவத்துல சொல்றேன். எழுந்து போறதுல ஒண்ணும் இல்லம்மா. எங்க உறுப்பினர் ஒருத்தர் இருந்தாரு. ஒரு நாவலுக்கு ஒன்பது குறைதான் தேறுது, பத்தாவதை நான் ஏன் கற்பனை பண்ணணும்னு சொல்லி எழுந்து போனாரு. நாங்க அவரை ஒரு வார்த்தை சொல்லல. இன்னைக்கு அவர் பேர் எந்தக் கோப்புலயும் இல்ல. பேர் இருந்த கோப்பும் இல்ல. அவர் நாற்காலியை மட்டும் எடுத்து மாடிப்படிக்குக் கீழ போட்டோம். அதுல என் தங்கச்சி உட்கார்ந்திருக்கு, பாவம், எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா?"

முடிவைச் செயலர் படித்தார். பக்கத்தை எடுக்க வேண்டாம். பொத்தான்களின் எண்ணிக்கையும் மாற வேண்டாம், இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். 'உட்கார்' என்பது அப்படியே இருக்கும். 'எழுந்து போ' என்ற கட்டத்தில் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். அதிலும் 'உட்கார்' என்று போட்டுவிடலாம்.

"ரெண்டுலயும் உட்கார்னா, அப்புறம் எதுக்குப் பொத்தான்?"

"தேர்வு செய்யற உரிமையை வாரியம் எப்பவும் தடுக்காதும்மா," என்றார் தலைவர். "எதை வேணா அமுக்கட்டும்."

தாளில் உள்ளதுதான் கணினியிலும் இருக்க வேண்டும், கடைக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று உறுதிமொழிப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பழைய பென் டிரைவைக் கோப்பிலிருந்து எடுத்து அழித்துவிடுவதாகவும் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். கத்துவாள், படிவத்தைக் கிழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து, கையை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுடுக்கா."

"என்னடி சொல்றே? எதுக்காக இதை எழுதினோம்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? அந்த பஸ் நிறுத்தத்தை நாப்பது தடவை வரைஞ்சேன். வெயில் சரியா விழலைன்னு நீ நாப்பது தடவையும் திருப்பிக் குடுத்தே." அவள் நீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "தேதியை விட்டா ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் கழிச்சு அதே மாமன் மச்சான் முன்னாடி போய் நிக்கணும். என்னால முடியாது. மீதி எட்டு முடிவு இருக்கு. அதையாவது யாராவது பார்க்கட்டும். நான் வரைஞ்சதை ஒருத்தராவது பார்க்கணும்க்கா."

ஆறு நாள் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏழாம் நாள், மருத்துவமனை வரவேற்பு மேஜையில், ஒருவருக்கு அடுத்த வாரம் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, அதே பேனாவால் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அன்றைக்கே மடிக்கணினியில் அந்த ஒரு சொல்லை மாற்றினேன். ஐந்து வருட வேலையை அழிக்க அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

விளையாட்டு சொன்ன தேதியில் வந்தது. நன்றாகவே போனது. படங்களை எல்லோரும் பாராட்டினார்கள், தங்கை ஒவ்வொன்றையும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சின்ன அண்ணன் கத்துகிறான் என்று பலர் எழுதினார்கள். மூன்றாம் பகுதியில் ஏமாற்று என்றும் எழுதினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே குரலில் கொண்டாடியது அந்தச் சாப்பாட்டு மேஜையை. 'இரண்டு பொத்தான்கள், இரண்டிலும் உட்கார்! குடும்பம் என்ற சிறையை இவ்வளவு கூர்மையாக யாரும் சொன்னதில்லை. ஆசிரியரின் மேதைமைக்கு இந்த ஒரு இடம் போதும்' என்று ஒருவர் எழுதினார். அதை வெட்டி ஒட்டி, வாரியத் தலைவர் வாழ்த்துக் கடிதம் அனுப்பியிருந்தார். நூல் மேம்படுவதில் வாரியத்தின் பங்கை நினைத்து குடும்பமே பெருமைப்படுகிறது என்று கடைசியில் இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். போட்டு என்ன, மேதை நான்தான் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

அடுத்த வாரம் மதியம் ஒன்றரை மணி சுமாருக்கு மருத்துவமனை போன் அடித்தது. தபால் அக்கா.

"ஏம்மா, உன் விளையாட்டை என் பொண்ணு வாங்கிப் போட்டுக் குடுத்தா. அந்த மேஜை வர்ற இடத்துல ரெண்டு பொத்தான்லயும் ஒரே மாதிரி வருது. எங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா?"

"இல்லக்கா. கோளாறு இல்ல."

"அப்ப?"

"நான்தான் மாத்தினேன். கையெழுத்துக் கேட்டாங்க. போட்டுட்டேன்."

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறிப் போவது போனில் கேட்டது.

"இந்தத் தடவை அமுக்கிடலாம்னு இருந்தேன்மா," என்றார் அக்கா.

"அக்கா, பழசு என்கிட்ட இருக்கு. அந்தப் பொத்தானோட அப்படியே இருக்கு. சாயந்திரமே கொண்டு வந்து தர்றேன். நீங்க அதுல அமுக்கலாம்."

"அது எதுக்கும்மா. கடையில வந்துடுச்சு, ஆயிரம் பேர் அமுக்கியிருப்பாங்க, எழுந்து போயிருப்பாங்கன்னு நெனச்சுத்தான் எனக்கும் ஒரு தைரியம் வந்துச்சு. உன் வீட்டுல மட்டும் இருக்கற பொத்தானை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அக்கா..."

"சரிம்மா, மணி ரெண்டாகப் போகுது. நான் போய் உட்காரணும்."